ஜெர்மன் லீட் பாட்டுக்கு வீடியோ போதாதுங்க, ஆசிரியர் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ஜெர்மன் கலைப்பாட்டு பத்தி வந்த கட்டுரையும், அதுக்கு அடுத்த வாரம் ஒரு வாசகர் எழுதின கடிதமும் படிச்சேன். ஷூபர்ட், ஷூமன் மாதிரி இசையமைப்பாளர்கள் பத்தி ஒரு தமிழ்ப் பேப்பர்ல அரைப் பக்கம் வர்றது சின்ன விஷயம் இல்ல, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அந்த வாசகர் கேட்டிருந்த ஒரு கேள்வி மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதனாலதான் எழுதறேன். பெரிய பாடகர்கள் மேடைல எல்லாரும் பாக்க மாணவர்களுக்கு நடத்தற மாஸ்டர்கிளாஸ் எல்லாம் இப்ப வீடியோவா கெடைக்குது, ஸ்கோர், அதாவது ஸ்வரம் எழுதின தாள், இலவசமா டவுன்லோட் பண்ணிக்கலாம், உச்சரிப்புக்கு ஆப் இருக்கு, இவ்வளவு இருந்தும் ஒரு ஆசிரியர் முன்னாடி வருஷக்கணக்கா போய் நிக்கணுமான்னு கேட்டிருந்தார். நிக்கணும்ங்க. நான் ஜெர்மனில வேலை பாத்துக்கிட்டே, ரொம்ப காலம் மேடைல பாடி அப்புறம் இசைக் கல்லூரில சொல்லிக்கொடுத்து ரிட்டையரான ஒரு அம்மாகிட்ட லீட் கத்துக்கறேன். அந்த வாசகர் சொன்ன வீடியோ, ஸ்கோர் எல்லாம் நானும் வச்சிருக்கேன், நல்லாவே பயன்படுது. ஆனா அதுக்கும் அந்த அம்மா சொல்லிக்கொடுக்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரம் ரொம்பப் பெருசு, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னு ஆசை.

தெரியாதவங்களுக்காக ரெண்டே வரி. லீட்னா ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். வேஷம் கெடையாது, ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் கெடையாது, மைக் கெடையாது, ஒரு பாட்டு பெரும்பாலும் ரெண்டு நிமிஷத்துலேந்து நாலு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். ஷூபர்ட் 1797ல பொறந்து 1828ல போய்ட்டார், 31 வயசுதான், அதுக்குள்ள இந்த மாதிரி 600க்கும் மேல எழுதிட்டார். அவருக்கு அப்புறம் ஷூமன், பிராம்ஸ், ஹூகோ வோல்ஃப், ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸ்னு ஒரு வரிசை.

மாஸ்டர்கிளாஸ் வீடியோவுக்கு வர்றேன். லோட்டெ லேமன் மேடையை விட்டதுக்கு அப்புறம் அமெரிக்கால சான்டா பார்பராவுல நடத்தினது, எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் நடத்தினது, டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் நடத்தினது, இதெல்லாம் பதிவா இருக்கறது பெரிய பொக்கிஷம், நான் மறுக்கல. ஆனா அதுல அந்த மேடைல வந்து நிக்கற பையனையும் பொண்ணையும் கவனிங்க. அவங்க அந்தப் பாட்டை மனப்பாடம் பண்ணி, உச்சரிப்பு எல்லாம் சரி பண்ணி, கூட வாசிக்கறவரோட பல தடவை ஒத்திகை பாத்து, பல வருஷம் இன்னொரு ஆசிரியர்கிட்ட குரலைப் பழக்கிட்டுத்தான் அங்க வந்திருக்காங்க. பெரியவர் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ அவங்களுக்குக் கடைசிப் படியைக் காட்டிக் கொடுக்கறார். நாம பாக்கறது அந்தக் கடைசிப் படியை மட்டும்தான், அதுக்குக் கீழ இருக்கற படிக்கட்டு எதுவும் வீடியோல வராது. இன்னொண்ணு, அங்க "இந்த இடத்துல இன்னும் இருட்டா பாடு"ன்னு ஒரு பொண்ணுகிட்ட சொன்னா, அது அந்தப் பொண்ணோட குரல் அன்னைக்கு ரொம்ப வெளிச்சமா இருந்ததால சொன்னது. ஏற்கெனவே இருட்டா இருக்கற குரல்காரர் வீட்டுல உக்காந்து அதைப் பாத்துட்டு இன்னும் இருட்டா பாடினா என்ன ஆகும்? ஒருத்தருக்கு எழுதின மருந்துச் சீட்டை வாங்கிட்டுப் போய் இன்னொருத்தர் மாத்திரை போட்டுக்கற மாதிரிதான்.

எங்க டீச்சர் ஒரு புதுப் பாட்டை எடுத்தா முதல்ல பாடவே விடமாட்டாங்க. கவிதையை சத்தமா வாசிக்கணும், அதுவும் பியானோவை மூடி வச்சுட்டு. வாசிச்சு முடிச்சதும் கேள்வி ஆரம்பிக்கும். யார் பேசறது, யார்கிட்ட பேசறது, இந்த வரிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சு, இப்ப நேரம் என்ன, பக்கத்துல யாராவது இருக்காங்களா. வில்ஹெல்ம் முல்லரோட 24 கவிதையை ஷூபர்ட் 1827ல வின்டர்ரைஸெங்கற தொகுப்பா இசையமைச்சார் இல்லயா, அதோட முதல் பாட்டையே எடுத்துக்கோங்க. ஒருத்தன் ராத்திரில ஒரு வீட்டை விட்டுக் கெளம்பறான், அந்நியனா வந்தேன் அந்நியனா போறேன்னு சொல்றான். ஸ்கோர்ல பல இடத்துல மெதுவா பாடுன்னு குறி இருக்கு. வீடியோ பாத்து கத்துக்கறவங்க அந்தக் குறியைப் பாத்து சத்தத்தைக் கொறைப்பாங்க, சரிதான். எங்க டீச்சர் கேட்டது வேற. ஏன் மெதுவா? அவன் விட்டுட்டுப் போற பொண்ணு உள்ள தூங்கிட்டிருக்கா, அவ கனவைக் கலைக்கக் கூடாது, காலடிச் சத்தம் கேக்கக் கூடாது, கதவை மெல்ல சாத்தணும்னு அவனே கடைசிச் சரணத்துல சொல்றான். அப்படின்னா அவன் கோபமா இருந்தாலும் அந்தக் கோபத்தையும் அடக்கின குரல்லதான் சொல்லியாகணும். இது புரிஞ்சதுக்கு அப்புறம் பாடற மெதுவும், குறியைப் பாத்துப் பாடற மெதுவும் ஒரே அளவு சத்தம்தான், ஆனா கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா படாது. இந்தக் கேள்வியை எந்த ஆப்பும் உங்களைப் பாத்துக் கேக்காது, ஏன்னா உங்க பதில் என்னன்னு அதுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல. டீச்சருக்கு அவசியம். நீங்க சொல்ற பதிலை வச்சுத்தான் அவங்க அடுத்த வாரம் உங்களை எங்க கொண்டு போறதுன்னு முடிவு பண்றாங்க.

அதே பாட்டுல பியானோவைக் கேளுங்க. ஆரம்பத்துலேந்து முடிவு வரைக்கும் ஒரே சீரா நடந்துகிட்டே இருக்கு, நிக்கவே நிக்காது. பாடறவங்க மூச்சு எடுக்கணும்னு அந்த நடையை இழுக்கக் கூடாது, அழகா ஒரு நோட்டைப் பிடிச்சு நிக்கலாம்னும் நெனைக்கக் கூடாது, அவன் நடந்துகிட்டே இருக்கான். முதல் மூணு சரணம் டி மைனர்ங்கற கொஞ்சம் சோகமான ஸ்வர அமைப்பு, கடைசிச் சரணத்துல டி மேஜர்ங்கற வெளிச்சமான அமைப்பா மாறுது. அந்த மாத்தம் முதல்ல வர்றது குரல்ல இல்ல, பியானோல. பாடறவங்க அந்த மாத்தத்தைக் கேட்டுட்டு அதுக்கப்புறம் உள்ள வரணும், இதோ மாறப் போறேன்னு முகத்துல முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது. முடிவுல மறுபடி மைனருக்குத் திரும்பிடும். எங்க டீச்சர் இந்த ஒரு இடத்துக்காகவே என்னை பியானோ பக்கத்துல நிக்க வச்சு, பாடாம, வாசிக்கறவரோட இடது கையை மட்டும் கவனிக்கச் சொன்னாங்க. அதுவே ஒரு பாடம். வாயைத் திறக்கவே இல்ல, ஆனா அன்னைக்குத்தான் அந்தப் பாட்டு எனக்குள்ள போச்சு.

இப்ப உச்சரிப்பு. இதுல நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னு தனியா சில விஷயம் இருக்கு, எந்தப் புத்தகத்துலயும் நான் இதைப் பாக்கல, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. ஜெர்மன்ல ஏகப்பட்ட வார்த்தை ட், க், ப் மாதிரி வல்லின ஒலியில முடியும். எழுத்துல d, b, g-ன்னு மெல்லமா போட்டிருந்தாலும் வார்த்தைக் கடைசில அது கெட்டியாத்தான் ஒலிக்கும். நம்ம நாக்கு வல்லினத்துல வார்த்தையை முடிக்காது, ஒரு குட்டி உகரத்தை ஒட்டிட்டுத்தான் விடும். பேசும்போது யாரும் கண்டுக்க மாட்டாங்க, பாட்டுல அந்த உகரம் ஒரு முழு அசையா கேட்டுடும், பாட்டோட கணக்கே மாறிடும். அப்புறம் ங். நம்ம ஆளுங்க "சிங்கம்"ல வர்ற மாதிரி ங் கூடவே ஒரு க-வைச் சேத்துடுவாங்க, ஜெர்மன்ல நடு ங்-ல அந்த க பெரும்பாலும் வரவே கூடாது. உதட்டைக் குவிச்சுக்கிட்டு ஈ சொல்றது, உதட்டைக் குவிச்சுக்கிட்டு ஏ சொல்றது, இந்த ரெண்டு உயிரொலி நமக்குப் புதுசு, கண்ணாடி முன்னாடி நின்னுதான் வரவைக்கணும்.

ஆனா நமக்கு சாதகமான விஷயமும் நெறைய இருக்குங்க. குறில் நெடில் நம்ம ரத்தத்துலயே இருக்கு, ஜெர்மன்லயும் உயிர் நீண்டா அர்த்தம் மாறிடும், அது நமக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டாம். இதுல ஒரு நுணுக்கம், குறில் இருக்கற அசைக்கு இசையமைப்பாளர் நீளமான நோட்டு கொடுத்திருப்பார், அப்ப என்ன பண்றது? நேரம் நீளும், ஆனா உயிரோட நிறம் குறிலாவே இருக்கணும், அதை நெடில் மாதிரி இறுக்கிடக் கூடாது. இதை டீச்சர் சொன்னப்ப கூட இருந்த வேற நாட்டு மாணவர்களுக்கு ரொம்ப நேரம் பிடிச்சுது, எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. ரகரமும் அப்படித்தான். இன்னைக்கு ஜெர்மன்காரங்க பேசும்போது ர-வைத் தொண்டைலேந்து சொல்றாங்க, ஆனா பாட்டுல மரபா நுனிநாக்கு ர-தான், அது நம்மகிட்ட தயாராவே இருக்கு. இன்னும் பெரிய சாதகம் ஒண்ணு இருக்கு. ஜெர்மன்ல துணை வாக்கியம் வந்தா வினைச்சொல் கடைசிக்குப் போயிடும், அதுவரைக்கும் விஷயம் என்னன்னு தெரியாம வாக்கியம் தொங்கிட்டே இருக்கும். தமிழ்ல நாம பேசறதே அப்படித்தானே, வினை கடைசிலதான் வரும், அதுவரைக்கும் காத்திருக்கறது நமக்குப் பழக்கம். பாடும்போது அந்த வினை வர்ற வரைக்கும் மூச்சும் கவனமும் விடாம கொண்டு போகணும், நடுவுல மூச்சு எடுத்தாலும் எண்ணம் அறுந்துடக் கூடாது. எங்க டீச்சருக்குத் தமிழ் தெரியாது, ஆனா நான் இதைச் சொன்னதும் அவங்க ரொம்ப சந்தோஷப்பட்டு, அப்படின்னா உன் மொழில யோசிச்சே இந்த வரியைப் பாடுன்னு சொன்னாங்க. அந்த மாதிரி ஒரு வார்த்தை எனக்காகவே யோசிச்சுச் சொல்றதுக்கு எதிர்ல ஒரு ஆள் இருக்கணும் இல்லயா.

மெய்யெழுத்தோட நேரம்னு ஒண்ணு இருக்கு, இதையும் வீடியோல பாத்துப் புரிஞ்சுக்கறது கஷ்டம். பியானோ அடிக்கற அதே நொடில விழ வேண்டியது உயிரொலி, அதுக்கு முன்னாடி இருக்கற மெய்யெல்லாம் அந்த அடிக்கு முன்னாடியே வந்து முடிஞ்சிருக்கணும். ஷ்ர், ஷ்ப்ர் மாதிரி ரெண்டு மூணு ஒலி சேந்து வந்தா இன்னும் முன்னாடியே கெளம்பணும். இதைச் செய்யலைன்னா ஒவ்வொரு வார்த்தையும் கொஞ்சம் லேட்டா வந்து, பாட்டே சோர்வா கேக்கும், ஏன்னு கேக்கறவங்களுக்கும் தெரியாது பாடறவங்களுக்கும் தெரியாது. வெளிலேந்து ஒரு காது வேணும்.

கதாபாத்திரம் பத்தி உங்க கட்டுரைல ஒரு வரி வந்துச்சு, ஏர்ல்கோனிக் பாட்டுல பாடகர் நாலு குரல்ல நடிக்கறார்னு. நாலு பேர் பேசறாங்கங்கறது சரி, கதை சொல்றவர், ராத்திரில பையனோட குதிரைல வேகமா போற அப்பா, பையன், அவனைத் தன்கிட்ட இழுக்கப் பாக்கற மாய ராஜா. கோத்தேயோட கவிதை, ஷூபர்ட் 1815ல 18 வயசுல எழுதினது, 1821ல அவரோட முதல் ஓபஸா, அதாவது எண் போட்டு வெளியிட்ட முதல் படைப்பா, அச்சாச்சு. ஆனா நாலு விதமா குரலை மாத்தி மிமிக்ரி பண்றதா அதை எடுத்துக்கிட்டா பாட்டு கெட்டுப் போயிடும், இதுல எங்க டீச்சர் ரொம்ப கண்டிப்பு. வித்தியாசத்தை ஷூபர்ட்டே எழுதி வச்சுட்டார்ங்க. பையன் அப்பாவைக் கூப்பிடற ஒவ்வொரு தடவையும் அந்தக் கூப்பாடு சுருதில மேல ஏறிக்கிட்டே போகுது, பியானோவோட உரசற ஸ்வரத்துல. ராஜா பேசற இடம் மேஜர்ல, ரொம்ப மென்மையா, தாலாட்டற மாதிரி வருது, கடைசில மிரட்டும்போதுதான் அந்த முகமூடி கழலுது. பாடறவங்க எழுதியிருக்கறதை நம்பி, வாக்கியம் யாருக்காக சொல்லப்படுதுன்னு தெரிஞ்சு பாடினாலே நாலு பேரும் தனித்தனியா நிப்பாங்க. முடிவுல குதிரை ஓட்டம் நின்னுடும், பியானோ கிட்டத்தட்ட மௌனமாயிடும், பையன் செத்துட்டான்னு பேசற மாதிரி ஒரு வரி, பல ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கற கார்டு ரெண்டு, முடிஞ்சது. அந்த வரில அழுகையைச் சேக்கக் கூடாது. சொல்றவர் கதைசொல்லி, அப்பா இல்ல. இந்த ஒரு விஷயத்தை உணர்ந்துட்டா பாட்டு மொத்தமும் வேற மாதிரி நிக்கும்.

இந்தப் பாட்டுல பியானோக்காரரோட வலது கை படற கஷ்டத்தையும் சொல்லியாகணும், ஒரே ஸ்வரத்தை மும்மூணா வேகமா அடிச்சுக்கிட்டே இருக்கணும், கை மரத்துப் போயிடும். ஷூபர்ட்டே இதுக்குக் கொஞ்சம் லேசான ஒரு வடிவமும் எழுதியிருக்கார்.

ரெக்கார்டிங் கேட்டுக் கத்துக்கலாமேன்னு சொல்றவங்களுக்கு ஃபிஷர்-டீஸ்காவ் வாழ்க்கையே பதில்னு நான் நெனைக்கறேன். போர் முடிஞ்சு இத்தாலில போர்க்கைதியா இருந்துட்டு வந்தவர், 1948ல 22 வயசுல பெர்லின் ரேடியோவுக்காக வின்டர்ரைஸெ முழுசும் பாடினார். அதுக்கப்புறம் ஜெரால்டு மூர் கூட ஒண்ணுக்கு மேல தடவை, அப்புறம் டேமுஸ், பாரன்பாய்ம், பிரெண்டல், பெராஹியான்னு வேற வேற பியானோக்காரர்களோட அதே 24 பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு பண்ணிக்கிட்டே இருந்தார், 1992 கடைசில பாடறதை நிறுத்தற காலம் வரைக்கும் அந்தப் பாட்டுகளை விடல. கேட்டுப் பாருங்க, நடை மாறும், எடை மாறும், இளமைல வலியா இருந்த இடம் பின்னாடி வெறும் களைப்பா கேக்கும். அவரே அவரைக் காப்பி அடிக்கல. அப்ப நாம எந்த வருஷத்து ஃபிஷர்-டீஸ்காவைக் காப்பி அடிக்கறது? அவர்கிட்டயும் ஷ்வார்ட்ஸ்கோஃப்கிட்டயும் படிச்சவர் மத்தியாஸ் கோர்ன, அந்தக் குரலைக் கேட்டா ரெண்டு பேர் சாயலும் எனக்குத் தெரியல, அவர் அவராத்தான் இருக்கார். நல்ல ஆசிரியர்னா அதுதான்.

எல்லா ஆசிரியரும் அப்படி இல்லங்கறதையும் சொல்லிடறேன். ஒவ்வொரு வரியையும் தானே பாடிக் காட்டி, "இதே மாதிரி பாடு, இதே மாதிரி"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மாணவர்கள் சீக்கிரமா பாட ஆரம்பிச்சிடுவாங்க, கேக்கவும் நல்லா இருக்கும், ஆனா டீச்சர் சொல்லித் தராத பாட்டை ஒருநாள் தனியா எடுக்கும்போது கை கால் ஓடாது. ஒரு டீச்சர் சரியானவங்களான்னு பாக்க நான் சொல்ற வழி, முதல் ரெண்டு மூணு வகுப்புல அவங்க அதிகமா பாடறாங்களா, கேள்வி கேக்கறாங்களான்னு பாருங்க. அப்புறம், குரலைத் தாண்டின பாட்டைத் தூக்கிக் கொடுக்கறாங்களான்னும் பாருங்க. குரல் பழகறதுக்கு முன்னாடியே ஏர்ல்கோனிக் கொடுக்கறவங்ககிட்ட நான் போகமாட்டேன். தொண்டை ஒண்ணுதான் இருக்கு.

"அது அவங்க பாட்டு, நமக்கு எதுக்கு"ன்னும் அந்தக் கடிதத்துல ஒரு வரி இருந்துச்சு. இதுக்கு நான் ஒரு சம்பவம் சொல்றேன். ரோலண்ட் ஹேய்ஸ்னு ஒரு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், அடிமையா இருந்தவங்களோட பிள்ளை. 1924ல பெர்லின்ல பாட வந்தார். மேடைக்கு வந்ததும் அரங்கத்துல கூச்சல், ஏளனச் சத்தம். அவர் பதிலுக்கு எதுவும் பேசல, கூச்சல் அடங்கற வரைக்கும் அசையாம நின்னார், அப்புறம் ஷூபர்ட்டோட ஒரு மெதுவான பாட்டை, கிட்டத்தட்ட காத்துல கரையற சத்தத்துல ஆரம்பிச்சார். எதிர்த்து வந்த கூட்டமே கடைசில அவரைக் கொண்டாடினாங்க. மிட்சுகோ ஷிராய் ஜப்பான்ல பொறந்தவங்க, ஹார்ட்மூட் ஹோல்ங்கற பியானோக்காரரோட சேந்து லீட் பாடியே உலகம் முழுக்கப் பேர் வாங்கி, பிறகு ஜெர்மனிலயே கார்ல்ஸ்ரூஹ இசைக் கல்லூரில ஜெர்மன் மாணவர்களுக்கு லீட் சொல்லிக்கொடுத்தாங்க. பிரெஞ்சுக்காரர் ஸூஸே, நெதர்லாந்து எல்லி ஆமெலிங், அமெரிக்கா ஜெஸ்ஸி நார்மன், சொல்லிக்கிட்டே போகலாம். வின்டர்ரைஸெ ஆம்பளை சொல்ற கதைன்னு சொல்லி பொண்ணுங்க பாடக்கூடாதுன்னும் ஒரு காலத்துல பேசினாங்க, லோட்டெ லேமன் 1940கள்லயே பாடிப் பதிவு பண்ணிட்டாங்க, அப்புறம் கிறிஸ்டா லூட்விக், பிரிகிட்டெ ஃபாஸ்பேண்டர் எல்லாம் பாடினாங்க. இந்தப் பாட்டு யாரோட சொத்துன்னு கேக்கறதை விட, அதுக்காக உழைச்சியான்னு கேக்கறதுதான் நியாயம்னு எனக்குப் படுது. மொழியைச் சரியா கத்துக்காம, ஒலியை மட்டும் தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டுப் பாடறதை நான் ஆதரிக்கல. குறைஞ்சபட்சம் பாடற கவிதைல இருக்கற ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை பண்ணுதுன்னு தெரியணும்.

ஆரம்பிக்கறவங்க என்ன பாட்டை எடுக்கலாம்னு யாராவது கேட்டா, 1817ல ஷூபர்ட் எழுதின இசைக்கு நன்றி சொல்ற ஆன் டி மூஸிக் பாட்டை நான் சொல்லுவேன். ரெண்டே சரணம், ரெண்டுக்கும் ஒரே மெட்டு, பெரிய உயரம் எதுவும் இல்ல. ஆனா பியானோவோட இடது கை குரலோட சேந்து தனியா ஒரு பாட்டே பாடிக்கிட்டு வரும், அதைக் கேட்டுக்கிட்டே பாடக் கத்துக்கிட்டா பாதி லீட் வந்துடும். ரெண்டாவது சரணம் முதல் சரணத்தை அப்படியே திருப்பிப் பாடற மாதிரி ஆகக்கூடாது, நோட்டு அதேதான், சொல்ற விஷயம் நகர்ந்திருக்கு. இந்த மாதிரி சரணத்துக்கு சரணம் ஒரே மெட்டா வர்ற பாட்டெல்லாம் சுலபம்னு நெனச்சு எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க, என்னைக் கேட்டா அதுதான் கஷ்டம், அதுதான் ஆசிரியர் தேவைப்படற இடம். குரல் பெருசா இருக்கணும்னும் இல்ல. இந்தப் பாட்டெல்லாம் வியன்னால நண்பர்கள் வீட்டு ஹால்ல, ஷூபர்ட்டே பியானோ முன்னாடி உக்காந்து வாசிக்க, சுத்தி இருந்த கொஞ்சம் பேருக்காகப் பாடினது. ஸ்கோர் வாங்கும்போது உயர்ந்த குரல், நடுக் குரல், தாழ்ந்த குரல்னு மூணு வகையா பதிப்பு வரும், உங்களுக்குப் பொருந்தறதை டீச்சர்கிட்ட கேட்டு வாங்குங்க. ரொம்பக் கீழ இறக்கினா பியானோ சேறு மாதிரி கலங்கிடும், அதையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு கோரிக்கை. உங்க கட்டுரைல பாடகர் பேர் இருந்துச்சு, இசையமைப்பாளர் பேர் இருந்துச்சு. கவிஞர் பேர் ஒரு இடத்துல கூட இல்ல, பியானோ வாசிக்கறவரை "பக்கவாத்தியம்"னு ஒரு சொல்லுல முடிச்சிட்டீங்க. ஷூமனோட டிஷ்டர்லீபெ தொகுப்பைப் பத்தி எழுதிட்டு ஹைனே பேரை விட்டா எப்படிங்க? 1840ல ஷூமன் எழுதின அந்த 16 பாட்டுல முதல் பாட்டு முடியாமலே நிக்கும், பியானோ ஒரு கேள்வி மாதிரியான கார்டுல நின்னுடும், குரலுக்கு அங்க வேலையே இல்ல. கடைசிப் பாட்டுல பாடகர் பாடி முடிச்சதுக்கு அப்புறமும் பியானோ ரொம்ப நேரம் தனியா பேசிக்கிட்டே போகும், பாடகர் அசையாம நின்னு கேக்கணும், கேக்க வந்தவங்களும் அங்க கை தட்டிடக் கூடாது. இதைப் போய் பக்கவாத்தியம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஷ்டுட்கார்ட்ல ஹூகோ வோல்ஃப் பேர்ல இருக்கற அகாடமி நடத்தற லீட் போட்டில பாடகரும் பியானோக்காரரும் ஜோடியாத்தான் கலந்துக்கணும். அந்த வோல்ஃபே 1888ல மோரிக்கெயோட 53 கவிதைக்கு இசையமைச்சு 1889ல வெளியிட்டப்ப, அட்டைல எட்வார்ட் மோரிக்கெயோட கவிதைகள்னு கவிஞர் பேரை முன்னாடி போட்டு, ஒரு குரலுக்கும் பியானோவுக்கும்னு அடுத்து போட்டு, அதுக்கு அப்புறம்தான் தன் பேரைப் போட்டார்.

அடுத்த தடவை இந்தப் பகுதில ஒரு லீட் கச்சேரி பத்தியோ, பதிவு பத்தியோ எழுதினா கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், பியானோக்காரர்னு நாலு பேரையும் தயவு செஞ்சு போடுங்க. முடிஞ்சா கவிதையோட தமிழாக்கத்தை ஒரு சின்னப் பெட்டில பக்கத்துலயே கொடுங்க, தமிழாக்கம் பண்ண ஆள் இல்லன்னா எனக்கு எழுதுங்க, நான் பண்ணித் தர்றேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகி